தெருவைப் பார்த்த செருப்பு

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்ற கண்டிப்பு இருந்த காலம் அது. திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் ஆலையின் அலுவலகத்தில், ஏசி அறைக் கதவோரம் செருப்புகள் சுவரைப் பார்த்து வரிசையாகக் கிடக்கும். ஒரு ஜோடி மட்டும் சற்றுத் தள்ளி, தெருவைப் பார்த்தபடி இருக்கும். நீல வார்; ஒரு பக்கம் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். அது டைப்பிஸ்ட் அக்காவுடையது. ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "எப்ப கெளம்புன்னு சொல்வாங்களோ. கால நொழைச்சிக்கினு போறாப்ல இருக்கட்டும்மா" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

அக்கா அங்கே பல வருஷமாகத் தினக்கூலி. லாரியில் வந்திறங்கும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளின் விவரத்தை டைப் அடித்துக்கொண்டிருந்தவரைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்திருந்தார்கள். இந்த சீசனை ஒழுங்காக முடித்தால் நிரந்தரம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். சீசன் தொடங்கிய முதல் வாரத்திலேயே அக்கா அடிக்கும் எதுவும் பதிவாகவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரைப் பராமரித்த விழுப்புரம் கம்பெனியில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஆலை மேனேஜர் போன் செய்ததும் பஸ் பிடித்துப் போனேன். அவர் என்னை வரவழைத்தது பழுது பார்க்க அல்ல என்பது போன பிறகுதான் தெரிந்தது. மதியம் வரப்போகும் முதலாளியிடம், மெஷினில் குறை ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வேண்டும். பிறகு அக்காவை அனுப்பிவிடலாம்.

"அந்தம்மாவுக்கு வரலீங்க மேடம், அவ்ளோதான்" என்றவர், அக்காவின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, தன் பெயரில் நுழைந்து ஒரு லாரியைப் பதிவு செய்தார். பதிந்தது. அக்கா தன் பெயரில் நுழைந்து அதையே அடித்தபோது 'பர்மிஷன் டினைடு', அனுமதி இல்லை என்று திரை மறுத்தது. பின்னால் நின்ற குமாஸ்தாக்களில் ஒருவர், கம்ப்யூட்டருக்கே அந்தம்மாவைப் பிடிக்கவில்லை போல என்றார். அக்கா திரும்பவில்லை. மேசைக்கடியில் அவர் வலது பாதம் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

என் வழக்கப்படி மனதுக்குள் வரிசை போட்டேன்: கேபிள், டெர்மினல், பாஸ்வேர்டு, ஃபைல். எல்லாம் சரி. நான்கு டெர்மினல்களும் பகிர்ந்துகொண்ட ஒரே டிஸ்கில் லாரிப் பதிவுகள் சேரும் அந்த ஃபைலில் எழுத அக்காவின் குழுவுக்கு அனுமதி இருந்தது. என் பெயரில் திறந்தாலும் திறந்தது. எனக்குத் திறந்ததற்கு அர்த்தமே இல்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. பராமரிப்பவர் பெயருக்கு அந்த இயந்திரத்தில் எந்தக் கதவும் மூடாது. எழுந்தேன், உட்கார்ந்தேன், வாசலில் கார் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். மறுபடி உட்கார்ந்தபோதுதான், ஃபைலை விட்டுவிட்டு அதை அடக்கிய டைரக்டரியைப் பார்த்தேன். பீரோ திறந்துதான் இருந்தது. அது இருந்த அறை பூட்டியிருந்தது. புது சீசனுக்கென்று அந்த டைரக்டரியை உருவாக்கியவர் மேனேஜர். அவரைத் தவிர யாரும் நுழைய முடியாதபடி அது உருவாகியிருந்தது.

சரிசெய்ய ஒரே வரி போதும். பதிவு செய்யும் குழுவுக்கு மட்டும் வழி திறந்துவிட்டு, அக்காவை அடிக்கச் சொன்னேன். பதிந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ இத்தினி நாளா நான் தப்பா அடிக்கலதானேம்மா?"

முதலாளி வந்ததும் மேனேஜர் முந்திக்கொண்டு, "மெஷின்ல ஏதோ கோளாறுங்க, சரியாயிடிச்சி" என்றார். மெஷினிலும் கோளாறு இல்லை, அக்காவிடமும் இல்லை என்று நான் பூட்டிய அறையின் கதையைச் சொன்னேன். முதலாளி தலையசைத்தார். மேனேஜர் அக்கா பக்கம் பார்க்கவே இல்லை.

சீசன் முடிந்து அடுத்த முறை போனபோது அக்காவுக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் கிடைத்திருந்தது. நீலச் செருப்பு அப்போது வரிசைக்குள் வந்திருந்தது. ஆனாலும் மற்றவை சுவரைப் பார்க்க, அது தெருவைத்தான் பார்த்தது. இன்னும் ஏன் என்று கேட்டேன். "ஆர்டர் குடுத்துட்டாங்க. எம்மேல தப்பு இல்லன்னு அந்த மேனேஜரு வாயால சொல்லலியே" என்றார்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடே போகிறார்கள். யாருக்காவது ஃபைல் திறக்கவில்லை என்றால் முதலில் டைரக்டரி என்ற வெளிக்கதவைப் பார்க்கிறேன். சரிசெய்த கையோடு, உங்கள்மேல் தப்பில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகும் மனம் அடங்குவதில்லை. என் கண் அவர்கள் காலடிக்குப் போய்விடுகிறது.