கார்பன் தாளில் ஓர் ஒப்பந்தம்

அறுபதுகளில், செம்பூருக்கு அப்பால் வெளிநாட்டு உதவியோடு எழும்பிக்கொண்டிருந்த ஓர் ஆலையில் நான் டைப்பிஸ்ட். இரு நாட்டு ஒப்பந்தத்தை அடிக்கும் முன், ஒரு வார்த்தை வெளியே விட்டால் வேலை போகும் என்று கையெழுத்து வாங்கினார்கள். வீராப்பாகப் போட்டேன். அன்று மாலையே, அடித்த கார்பன் தாள்களை வழக்கம்போல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தலையணை உறையில் பூ வரைய மனைவிக்கு அது வேண்டும்.

மறுநாள் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒப்பந்தம் வரிவரியாகத் தெரிந்தது.

"மிச்சம் எங்க?"

"மாடி வீட்டு அக்காவுக்குக் குடுத்தேன். ஏங்க, கார்பனுக்கா இப்படி வேர்க்குது?"

செம்பூரில் எங்கள் திலக் நகரின் ஒரே உளவாளியாக மாடியேறி, தாள்களை வாங்கிவந்து கொளுத்தினேன். அப்படியும் பயம் விடவில்லை. காலையில் மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் உளறினேன். மாட்டுங்கா அய்யரான அவர் சிரித்தார்.

"அசடே, போன வாரமே அவா ஊர் பேப்பர்ல முழுசா வந்தாச்சு."

"அப்போ ரகசியம் இல்லையா சார்?"

"நமக்கு ரகசியம்தான். நீர் கையெழுத்துப் போட்டிருக்கீரே!"

வேலை தப்பியது. வீட்டில் மனைவி கேட்டாள்: "அதுல அப்படி என்னதாங்க இருந்துச்சு?"

ஆலைப் புகை செம்பூர் பக்கம்தான் வரும், எனவே வெளிநாட்டு நிபுணர்களுக்கு அங்கே வீடு தரக்கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது.

"சும்மா, மெஷின் சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.