என்னைக் கேளாமல் முடிந்த மன்னிப்பு

எங்கள் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களும் சபையாரும் அயலவர்களும் அம்மாவின் நற்குணங்களை வாசிக்க விரும்புவீர்கள். அவை இதில் உண்டு. அவற்றோடு அம்மா எனக்குச் செய்த ஒரு பிழையையும் எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால் இதை யாருடைய அம்மாவுக்கும் போட்டுவிடலாம்.

அம்மா விநாயகபுரத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கூட்டல் கணக்கில் என்னை விட வேகமானவர். பத்தொன்பது வயதில் அப்பாவைக் கைப்பிடித்துப் பெரியநீலாவணைக்கு வந்தார். அப்பாவும் கடல் தொழில்தான். அதிகம் பேசாத மனிதர். அம்மாவின் சமையலில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழும்புவார் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு வயது இருக்கையில் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வாடைக் காற்றுத் தொடங்கியிருந்த காலம். அப்பாவோடு தோணியில் போன கூட்டாளி தனியாகக் கரைக்கு வந்தார். பெரிய அலையொன்று அப்பாவை அடித்துக்கொண்டு போய்விட்டதாகவும், எஞ்சினில் எண்ணெய் தீரும் வரைக்கும் தேடியதாகவும் சொல்லி மணலில் விழுந்து அழுதார். அவரை நாங்கள் மாமா என்றே கூப்பிட்டு வளர்ந்தோம். இங்கேயும் மாமா என்றே எழுதுகிறேன். அப்பாவின் உடல் கரை சேரவேயில்லை.

அம்மா மருதமுனையில் ஒரு கைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்குப் போனார். அந்தக் கூடத்தை நடத்திய முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்போம், நோன்பு காலத்தில் கஞ்சியும், பெருநாளைக்கு எனக்குச் சட்டைத் துணியும் தந்து அனுப்புவார். மாமாவும் எங்களைக் கைவிடவில்லை. கடலுக்குப் போன நாளெல்லாம் எங்கள் வீட்டுக்கு மீன் வரும். ஆழிப்பேரலை வந்த காலையில் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு மெயின் வீதி வரைக்கும் ஓடியவர் அவர்தான். அப்பாவுக்குப் பிறகு எங்களுக்கு வாய்த்த நல்ல மனிதர் என்று அவரை நாங்கள் நம்பினோம்.

அப்பாவின் உடலாவது கிடைக்கவேண்டும் என்று அம்மா நேர்த்தி வைத்து மூன்று வருடம் தீ மிதித்தார். அது கிடைக்காமல் போனதற்குத் தன்னுடைய பக்தி போதாததே காரணம் என்று அவர் நம்பியிருந்தார். அலைக்குப் பிறகு முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு பெண் அம்மாவை ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரட்சிப்பை எந்த நற்செயலாலும் சம்பாதிக்க முடியாது, அது கொடை, விசுவாசித்துப் பெற்றுக்கொள்வது மட்டுமே மனிதர் செய்யக்கூடியது என்று அங்கே போதகர் பேசினார். அம்மா அன்று கூடாரத்துக்கு வந்து அழுத அழுகை எனக்கு நினைவிருக்கிறது. "இனி எனக்கு ஒண்டையும் நிரூபிக்கத் தேவல்ல, மகள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த முடிவால் அம்மா இழந்தவையும் அதிகம். பெரியப்பா குடும்பம் எங்கள் வீட்டுப் படலையைத் திறப்பதை நிறுத்திக்கொண்டது. விநாயகபுரத்து உறவுகளோடு கொடுக்கல் வாங்கல் நின்றது. ஆனாலும் அம்மா பழைய தெய்வத்தைக் குறைத்து ஒரு சொல் பேசியதில்லை. கோயில் திருவிழாவுக்குப் போகும் பிள்ளைகளுக்குத் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுப்பார். பதினைந்து வயதில் நானும் ஞானஸ்நானம் பெற்றேன். தம்பி பெரியப்பாவின் பக்கம் நின்றுகொண்டார்.

பல வருடங்களுக்குப் பிறகு மாமாவும் சபைக்கு வரத் தொடங்கினார். கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டு ஆசீர்வாதத்துக்கு முன்பே எழும்பிப் போய்விடுவார். எனக்கு இருபத்தைந்து வயதானபோது அவர் ஞானஸ்நானம் எடுத்தார். இரண்டு வருடம் கழித்து எனக்குத் திருமணம். ஆலய வாசலிலிருந்து பீடம் வரைக்கும் தகப்பன் ஸ்தானத்தில் என் கையைப் பிடித்து நடத்திச் சென்றவர் மாமா. பீடத்தருகே வந்த பிறகும் என் கையை அவர் உடனே விடவில்லை. அதைப் பாசம் என்று நினைத்தேன். அம்மா முன் வரிசையில் தலையைக் குனிந்தபடி நின்றார்.

அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. வீட்டில் வைத்துப் பார்க்கும்படி வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு பிற்பகலில் அம்மா மாமாவை வரச் சொல்லியிருந்தார். அவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்தி, சமைத்துக்கொண்டிருந்த என்னையும் குசினியிலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, என்னட்டச் சொன்னத என்ட மகளுக்கும் சொல்லுங்க" என்று மாமாவிடம் சொன்னார்.

மாமா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அலை அடிக்கல்ல, புள்ள. வலை இழுக்கக்குள்ள அவருக்குக் கால்ல சிக்கி, தண்ணிக்குள்ள விழுந்துட்டார். தோணிக்குள்ளயும் தண்ணி ஏறிட்டு. விளிம்பப் புடிச்சிக்கிட்டு, கையத் தா எண்டு கேட்டவர். நான் குடுக்கல்ல. ரெண்டு பேரும் போயிருவம் எண்டு பயந்து வலைய அறுத்து உட்டுட்டு எஞ்சின ஸ்டார்ட் பண்ணிட்டன். அவர் கூப்பிட்டவர். நான் கிறுகிப் பாக்கல்ல."

திரும்பிப் பார்க்கவேயில்லை. தேடவும் இல்லை. பதினாறு வருடம் மனதுக்குள் வைத்திருந்து, ஞானஸ்நானம் எடுப்பதற்கு முந்திய வாரம் இதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அவருக்காக ஜெபம் பண்ணியிருக்கிறார். பிள்ளைகளிடம் சொல்லப் போவதாக அவர் சொன்னபோது, வேண்டாம் என்று தடுத்தவரும் அம்மாதான்.

மாமாவை வெளியே போகச் சொன்னேன். போனார். அம்மாவைப் பார்த்துக் கேட்டேன், விசுவாசித்தால் எல்லாம் முடிந்துவிட்டதா, அப்பா கூப்பிட்ட சத்தத்துக்கு யார் பதில் சொல்வது என்று. சாகக் கிடந்த தாயிடம் கேட்கக்கூடாத குரலில் கேட்டேன்.

அம்மா மூச்சு வாங்கி வாங்கித்தான் கதைத்தார். "அவர் செஞ்சது சின்னப் பிழை எண்டு நான் சொல்லல்ல. நானும் ஒண்டும் செஞ்சு வாங்கல்ல, மகள். சும்மா கிடைச்சது. அது அவருக்கு இல்ல எண்டா எனக்கும் இல்ல."

"அப்ப ஏன் கலியாணத்தண்டு என்ட கைய அவர்ட கையில குடுத்தீங்க?"

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அது என்ட பிழை. உங்களுக்கு இருந்த ஒரே ஒரு மாமாவையும் பறிக்கப் பயந்துட்டன். கர்த்தர்ட்ட மன்னிப்புக் கேட்டுட்டன். உன்னட்டக் கேக்கல்ல. இப்ப கேக்கிறன். என்ன மன்னிப்பியா?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்குச் செய்யப்பட்ட பிழைக்கு என்னைக் கேளாமலே மன்னிப்புக் கேட்டு, மன்னிப்புக் கிடைத்து, ஏழு வருடம் சமாதானத்தோடு பாட்டுப் பாடியிருக்கிறார்கள். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது என்னை நினைத்தார்களா என்றுதான் எனக்குத் தோன்றியது. அதன்பின் மூன்று வாரம் அம்மாவுக்குக் கஞ்சி பருக்கினேன், உடம்பு துடைத்தேன், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டேன். அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுக்கவில்லை. அம்மாவும் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் தலையணையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தபோது அடங்கிப் போனார்.

தம்பி கட்டாரிலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அடக்க ஆராதனை முடிந்து பெட்டியைத் தூக்கும்போது மாமா மதிலுக்கு வெளியே தனியாக நிற்பதைத் தம்பி கண்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, தன்னுடைய இடத்துக்கு நேர் எதிரே நிற்க வைத்தார். மாமா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையசைத்திருந்தால் விலகியிருப்பார். நான் அசையவில்லை. அத்தனை பேர் முன்னால் தம்பியின் மனதை உடைக்கப் பயந்தேன். அப்பாவைத் தண்ணீரில் விட்டு வந்த கையும் அப்பாவின் மகனுடைய கையும் சேர்ந்து அம்மாவைக் கொண்டுபோயின.

எட்டாம் நாள் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பெட்டி தூக்கக்குள்ள உங்களுக்குத் தெரியும்தானே அக்கா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அம்மா உங்களுக்குச் செஞ்சதத்தான் நீங்க எனக்குச் செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். அங்கிருந்தே விமானமும் ஏறினார்.

முப்பத்தோராம் நாள் ஜெபத்தில் மாமா எழும்பி, சபையார் எல்லாரும் கேட்கத் தான் செய்ததைச் சொன்னார். பின்னர் பெரியப்பாவின் வாசலிலும் போய்ச் சொன்னார். பெரியப்பா அவரை உள்ளே எடுக்கவில்லை. சபையில் சிலர் மாமாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். என்னிடம் வந்து அழுதவர்கள் குறைவு. அடுத்த வாரம் போதகர் எங்கள் வீட்டுக்கு வந்து, மன்னிக்காத இருதயம் இரட்சிப்பை இழந்துவிடும் என்று எனக்குப் புத்தி சொன்னார். அவருக்கு நான் மரியாதையாகவே பதில் சொன்னேன்.

"அவருக்குச் சும்மா கிடைச்சது எனக்கு மட்டும் ஏன் மன்னிச்சாத்தான் கிடைக்கும், பாஸ்டர்?"

அவர் தேநீரைக் குடித்து முடிக்காமல் எழும்பினார். ஒரு மாதம் கழித்துத் தானாகத் திரும்பி வந்து, அன்று தான் அவசரப்பட்டுவிட்டதாகச் சொன்னார். அதை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொன்னார். நான் சபையை விடவில்லை. ஆனால் மாமா இருக்கும் பக்கத்தில் இருப்பதில்லை. அவர் இப்போதும் மீன் கொடுத்து அனுப்புகிறார். நான் திருப்பி அனுப்புகிறேன்.

அம்மாவின் கடைசி நாட்களில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். அம்மாவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர்கள். முறை வைத்து எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அயல்வீட்டார். அம்மாவின் கால்மாட்டில் இருந்து மௌனமாகத் துஆக் கேட்டுப் பிரார்த்தித்த மருதமுனை ராத்தா. குழி வெட்டிய வாலிபர்கள். இருபது வருடத்துக்குப் பிறகு படலையைத் திறந்து வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்த பெரியப்பா. எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தம்பிக்கும் நன்றி. அவரிடம் பல தடவை மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவருக்கு அனுப்பி, வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாகச் சொன்னேன். "போடுங்க அக்கா" என்று இரண்டு சொல் அனுப்பினார். அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று அதை வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பத்து மாதத்துக்குப் பிறகு என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார். அதற்காக நான் எதுவும் செய்யவில்லை.

மாமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக இங்கே எழுதினால் அது பொய்.

அம்மா, நீங்கள் என்னிடம் ஒருமுறைதான் கேட்டீர்கள். ஓம், அம்மா.