பாங்கு வரைக்கும் வாய் திறக்காத printf

நோன்புக் கஞ்சியின் பூண்டு வாசம், சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி மணத்தோடு கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? கல்முனையில் நான் C என்ற கணினி மொழி படித்த வகுப்பறை, அங்கே நோன்பு திறக்கும் இஃப்தார் வைத்த அன்று அப்படித்தான் மணத்தது...

நோன்பு திறப்பதற்கு முந்தைய ஒரு நிமிடத்தை, அறுபதிலிருந்து நொடி நொடியாகத் திரையில் எண்ணிக்காட்டும் புரோகிராம் ஒன்று எழுதியிருந்தேன். படிப்பித்த சேர் அதைப் பெரிய திரையில் போடச் சொல்லிவிட்டார். பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள்.

வாப்பாவும்தான். அக்கரைப்பற்றுக்கு வேன் ஓட்டுகிறவர். கொழும்புக்குப் போய் இதையே மேலே படிக்கிறேன் என்று நான் நச்சரித்ததில், "முதல்ல நீ செஞ்சத்தப் பாப்பம் மகள், பொறகு கதைப்பம்" என்றிருந்தார்.

காலையில் எல்லாம் சரியாக ஓடியது. எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்தன. மத்தியானம் எனக்கொரு ஆசை... ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வடிவாக இருக்குமே! திரையில் எழுதவைக்கும் printf கட்டளையில், வரியை முடிக்கும் \n-ஐ எடுத்துவிட்டேன். திரும்ப ஓட்டிப் பார்க்கவில்லை.

நேரம் வந்தது. Enter தட்டினேன்.

திரை கறுப்பு.

கையில் பேரீச்சம்பழத்தோடு அத்தனை பேரும் பார்க்கிறார்கள். ஒன்றுமே வரவில்லை. "என்ன புள்ள, கரண்ட் போயிட்டா?" என்று பின்னாலிருந்து ஒரு மாமி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கியது... அதே நொடியில் எல்லா எண்களும் ஒரேயடியாகத் திரையில் கொட்டின! சிரித்த சிரிப்பில் சிலருக்குப் புரையேறியது.

மஃரிப் தொழுதுவிட்டு, புத்தகத்தைப் புரட்டிப் பிழையைப் பிடித்தேன். printf எழுதுவது உடனே திரைக்குப் போகாது. பஃபர் என்ற இடத்தில் சேர்ந்து நிற்கும். வரி முடிந்தால், இடம் நிறைந்தால், அல்லது புரோகிராமே முடிந்தால்தான் வெளியே வரும். காத்திருக்காமல் அனுப்ப fflush என்று ஒரு வரி போதும். அதைச் சேர்த்து, வாப்பாவைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினேன்.

60... 59... 58...

"அப்ப இதும் என்ட வேன் மாதிரித்தான். ஆள் நெறையும் வரைக்கும் எடுக்காது. நீ தட்டி அனுப்பியிரிக்காய்."

"ஓம் வாப்பா!"

பூச்சியம் வரும்வரை நின்று பார்த்தார். பிறகு கேட்டார், "கொழும்புக்கு எப்ப போகோணும்?"

இப்போது கொழும்பில்தான் வேலை. நோன்பு திறக்கும் நேரத்தைப் போனே பிசகாமல் எண்ணுகிறது. ஊரில் கொழும்பைவிட முதலே பாங்கு சொல்லிவிடுவார்கள். நோன்பு திறந்த கையோடு வாப்பா எனக்குப் போனில் கோல் எடுப்பார்.

"மகள், நம்பரெல்லாம் ஒழுங்கா வருதா?"

"ஓம் வாப்பா, ஒவ்வொண்டா வருது..."

சேர்ந்து சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.