சொல்லின் கடைசித் துண்டு

கோவை மருத்துவமனையில் டாக்டருக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் அமர்ந்திருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மா, மருத்துவ அறிக்கைகளை டைப் அடிப்பவர். மூக்குக் கண்ணாடி வழியாகச் சுவரிலிருந்த நோய்ப் பெயர்களைப் பிரித்துப் பிரித்துச் சொன்னார்.

“கேஸ்ட்ரோன்னா வயிறுங்க. ஐடிஸ்னு முடிஞ்சா அழற்சி. மருந்துல ஆறிப்போயிருமுங்க.”

என் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். “ஹெபட்டோமான்னு போட்டிருக்குதுங்க.”

“ஹெபட்டுன்னா ஈரலுங்க.”

“அந்த ஓமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கூட யாரும் வரலீங்களா, கண்ணு?”

இல்லை என்றேன். தன் முறை வந்தும் எழாமல், என்னை முதலில் உள்ளே அனுப்பினார்.

ஓமா என்றால் கட்டி என்று டாக்டர்தான் சொன்னார். புற்றுநோய் என்றும் சொன்னார். வெளியே வந்தபோது நாற்காலியில் நான் விட்டுப்போன பையைப் பார்த்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை முடிந்து தேறிவிட்டேன். அவர் எந்த நோய்க்காக அங்கே வந்திருந்தார் என்று நான் கேட்கவே இல்லை.