சிவப்புச் சம்பங்கி

போன வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நின்றுகொண்டு, அம்மனுக்கு எதிரிலேயே, நான் ஒரு பொய் சொன்னேன்.

வாத்தியாரம்மா பொய் சொல்லலாமா என்று கேட்பீர்கள். ஏன் சொல்லக் கூடாது? இன்னும் கொஞ்சம் சாமர்த்தியமாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இப்போது வயிறு எரிகிறது. நடந்ததைக் கேட்டுவிட்டு, என்னைத் திட்டி எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதலாம் - இந்தக் காலத்தில் உங்களுக்குக் காகிதம் கிடைத்தால்!

அரியலூரில் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு நான் சயன்ஸ் எடுக்கிறேன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். சயன்ஸ் என்றதும் கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எங்கள் லேபரட்டரி ஒரு மர பீரோ. உள்ளே ஒரு காந்தம், உடைந்த தெர்மாமீட்டர், ஒரு பல்லி. பல்லி பாடத்துக்கு இல்லை. அது பாட்டுக்குக் குடியிருக்கிறது.

செடி எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று பாடம். 'வேர் உறிஞ்சும் நீர் தண்டின் வழியே மேலே செல்கிறது' என்று எல்லாப் பெண்களும் ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள். நம்பினார்களா? நம்பவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியாதா? தோட்டத்தில் பூத்திருந்த சம்பங்கிக் கொத்துகளை நறுக்கிக்கொண்டு வந்தேன். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, சிவப்பு மையைக் கலந்து, அதில் நிறுத்திவைத்தேன்.

அந்த மைக்கு நான் பட்ட பாடு! எங்கள் பெரிய டீச்சர் சிவப்பு மையைக் குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவதுபோல அளந்துதான் கொடுப்பார். "யுத்தம் முடிஞ்சும் மைக்குப் பஞ்சம் தீரலை, நீங்க பூவுக்கு ஊத்தறீங்களே! அப்புறம் எதை வெச்சு மார்க் போடறது?" என்று பாட்டு. போகட்டும்.

மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைகிறேன், ஒரே கூச்சல். சம்பங்கி சிவந்துவிட்டது! இதழ் இதழாக, நரம்பு நரம்பாகச் சிவப்பு ஓடியிருக்கிறது. "டீச்சர், பூ நெசமாவே தண்ணி குடிச்சிருக்கு!" என்று குதிக்கிறார்கள்.

அஞ்சலை என்று ஒரு பெண். வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் குதிக்கவில்லை. கிட்டே வந்து, குனிந்து பார்த்து, ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப, இது வெள்ளப் பூவா, செவப்புப் பூவா டீச்சர்?"

"வெள்ளைப் பூதான். நிறம் நாம ஊட்டினது. நாளைக்கு அந்தச் செடி பூத்தா வெள்ளையாத்தான் பூக்கும்" என்று பெருமையாகச் சொன்னேன்.

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்த நேரம் அது!

அஞ்சலை ஒரு கொத்தை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். போய், ஒரு டம்ளரில் அதே மைத்தண்ணீரோடு வைத்திருக்கிறாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரம்பலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் அவள் ஊர். அப்பா முத்துசாமி பருத்திக்காட்டுக்காரர். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். பெண் எட்டாவது முடித்ததும் திருச்சியில் டிரெயினிங் ஸ்கூலில் சேர இடம் தயாராக இருக்கிறது. ஏலாக்குறிச்சியிலிருந்து வருகிற எங்கள் தெரசம்மா டீச்சர் யார் யாரிடமோ சொல்லி ஏற்பாடு செய்தது. ஹாஸ்டல் உண்டு, சாப்பாடு உண்டு. முடித்துவிட்டு வந்தால் அஞ்சலையும் டீச்சர்.

இன்னொரு பக்கம் தாய்மாமன் கோவிந்தன் காத்திருக்கிறார். முறை மாப்பிள்ளை. குடிகாரர், முரடர் என்று சொல்ல ஆசைதான், முடியவில்லை. நாலு பேர் மதிக்கிற உழைப்பாளி. அக்கா மகளுக்கு வயது பதினாலு முடிந்துவிட்டது, சட்டமே போதும் என்கிறது, பிறகு என்ன என்பது அவர் கட்சி.

முத்துசாமி இரண்டு பக்கமும் தலையாட்டி ஓய்ந்துபோனார். கடைசியில், "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுருவோம்" என்றார்.

பூக் கேட்பது உங்களுக்குத் தெரியாததா? வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வது. பெண்ணைத் திருச்சிக்கு அனுப்பலாமா? வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படிக்கிறவள் இவள், சொல்லிக்கொடுக்கிறவள் நான், முடிவு சொல்வது இலைப் பொட்டலமா? ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் குளித்ததும் நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? வெள்ளைப் பூ வர வேண்டும் என்றுதான்!

சாயங்காலம் பள்ளி விட்டு வந்து உட்காரக்கூட இல்லை. அஞ்சலையின் அம்மா பொன்னம்மா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"டீச்சர், கோயிலு வரைக்கும் கொஞ்சம் வந்துட்டுப் போங்க. ஒங்களத்தான் கூப்புடுறாங்க."

"என்ன பூ வந்தது?"

"வெள்ளப் பூவுதான் வந்துச்சு டீச்சர்."

கையெடுத்துக் கும்பிட்டேன். "அப்புறம் ஏன் அழறீங்க?"

வழி நெடுக அழுதுகொண்டே சொன்னார். வெள்ளை வந்ததும் முத்துசாமி சிரித்தாராம். அஞ்சலை அங்கேயே விழுந்து கும்பிட்டாளாம். மனசு கேட்காத கோவிந்தன், இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே சிவப்புப் பூ இருந்தது. ஆனால் சம்பங்கி.

"செவப்புல சம்பங்கி ஏது அக்கான்னு கேட்டுட்டான் டீச்சர்! இன்னிக்குன்னு பாத்து எங்க வூட்டு அரளியில ஒரு பூவு இல்ல. இவ டம்ளர்ல வெச்சிருந்தது செவப்பாத்தான இருந்துச்சு? ஆஞ்சுகிட்டு வந்துட்டேன். சாமிக்குப் பூவு, செவப்பா இருந்தாப் போதாதா?"

போதும் தாயே, போதும். உங்களுக்கும் எனக்கும் போதும்.

கோயில் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. நம் ஊரில் கூட்டம் கூடச் சொல்லித் தர வேண்டுமா? நடுவில் இலையில் அந்தப் பூ. என் மை. பெரிய டீச்சரின் மை.

கோவிந்தன் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். இது வெள்ளப் பூவுல சாயம் ஏத்துனதாம், அக்காவே சொல்லுது. நீங்க வகுப்புல செஞ்சு காட்டுனதுதானாம். அப்ப ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவுதான இருந்திருக்கு? எதை எடுத்தாலும் திருச்சிதான? அப்புறம் ஆத்தா எங்கிருந்து வேண்டாம்னு சொல்லுவா?"

அவர் வாதத்தில் ஓட்டை உண்டா? இல்லை. என் வகுப்பில் இருந்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். அதுதான் எரிச்சல்.

முத்துசாமி என் பக்கம் திரும்பினார். "படிச்சவங்க நீங்க. நீங்க சொல்றதுதான் முடிவு டீச்சர். இது வெள்ளப் பூவா, செவப்புப் பூவா?"

ஊர் முழுவதும் என் வாயைப் பார்க்கிறது. பூசாரி பார்க்கிறார். அஞ்சலை பார்க்கிறாள். ஒரு வார்த்தை... அந்த ஒரு வார்த்தையில் ஒரு பெண் ரயில் ஏறிவிடலாம்.

"சிவப்புப் பூ" என்றேன். "கண்ணுக்கு எது தெரியுதோ அதுதான் நிறம். சிவப்பா இருந்தா சிவப்புதான்!"

முத்துசாமியின் முகத்தில் நிம்மதி வந்தது. கோவிந்தன்கூடத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன்.

"இல்ல டீச்சர்!"

யார்? வேறு யார்? எங்கள் முதல் மார்க்குக்காரிதான்!

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க? பூவு வெள்ளப் பூவுதான், நெறந்தான் நாம ஊட்டுனதுன்னு?"

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள், பாவி. என் கண் ஜாடை அவளுக்கு எட்டவில்லை. பூவை எடுத்தாள், இதழைக் கிழித்தாள், மாமனிடம் நீட்டினாள். "பாருங்க மாமா, கோடு கோடா இருக்கா? இதெல்லாம் மைத்தண்ணி ஏறுன வழி. ஊடால பாருங்க, வெள்ளையாவே இருக்கு. நெசமான செவப்புப் பூவுன்னா முழுசும் செவந்திருக்கும்." பூசாரிக்குக் காட்டினாள். அப்பாவுக்குக் காட்டினாள். கூட்டத்தில் எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். அவ்வளவு தெளிவாக நான்கூட அந்தப் பாடத்தை நடத்தியதில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது எதற்குக் கத்துகிறது என்று தெரியாமல் கத்துகிறது. இந்தப் பெண் உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று நம்பிக் கத்தினாள். யார் அப்படிச் சொல்லிக்கொடுத்தது? நாங்கள்தான். கரும்பலகையில் தினம் ஒரு நீதிவாக்கியம் எழுதிப் போடுகிறோமே!

"திரும்பக் கேளுங்கப்பா" என்றாள். குரலில் பயமே இல்லை. "நெசமான செவப்புப் பூவு வெச்சே கேளுங்க. ஆத்தா வெள்ளதான் குடுப்பா."

சயன்ஸையும் நம்பினாள், சாமியையும் நம்பினாள். அந்த இடத்தில் இரண்டையும் முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான்.

பூசாரி தலையை ஆட்டினார். "ஆத்தாளைச் சோதிக்கக் கூடாது. உத்தரவுல கோளாறு வந்துட்டா, அடுத்த தை வெள்ளிக்குத்தான் திரும்பக் கேக்கலாம்."

தை வெள்ளியா? டிரெயினிங் ஸ்கூல் ஆனி மாதம் திறந்துவிடும். இடம் தை வரைக்கும் காத்திருக்குமா? கத்தினேன். ஆமாம், கோயில் என்றும் பார்க்காமல் கத்தினேன். "அம்மன் வெள்ளைதானே கொடுத்தாள்? தப்பு செய்தது நம்ம கை. அவள் கை இல்லையே? அவள் சரியாத்தானே சொன்னாள்?"

பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் சாயம் ஏற்றுகிறவள் மட்டுமா? இப்போது பொய்யும் சொல்கிறவள். என் பேச்சுக்கு இனி என்ன மதிப்பு? கூட்டத்தில் ஒருவர் திருவாய் மலர்ந்தார்: "பொட்டப் புள்ளைவுளப் படிக்க வெச்சா, பூவோட நெறத்தையே மாத்திப்புடுதுவ!" நாலு பேர் சிரித்தார்கள். நாடு சுதந்திரம் வாங்கியபோது இதே ஊரில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். அதையும் இவர்கள்தான் வாங்கித் தின்றார்கள்.

முத்துசாமி மட்டும் என் பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். வயசுக்கு வந்த புள்ள... அம்மாந் தொலைவு. உத்தரவு இல்லாம எப்புடிங்க அனுப்புறது?" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர்மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை. முடிந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டிரெயினிங் ஸ்கூல் கைவிட்டுப் போனதற்காகவா, நான் பொய் சொன்னதற்காகவா? தெரியவில்லை. இரண்டாவதாக இருந்தால் அதையும் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மறுபடி அதே இடத்தில் நிறுத்திக் கேட்டாலும் சிவப்பு என்றுதான் சொல்வேன்.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். கோயில் கதை அதற்குள் அவர் காதுக்கு வந்துவிட்டது. "இனிமே பூ, இலை, கொடி எதுவும் வகுப்புக்கு வேண்டாம். புஸ்தகத்துலதான் படம் போட்டிருக்கே" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போது பெண்கள் மறுபடியும் ஒரே ராகத்தில் ஒப்பிக்கிறார்கள். அஞ்சலையின் இடம் காலியாக இருக்கிறது.

நேற்று முத்துசாமி பள்ளிக்கு வந்தார். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. வைகாசியில் முகூர்த்தமாம். அதே கோயிலில்தான் தாலி கட்டு. நான் அவசியம் முன்னால் நின்று நடத்திவைக்க வேண்டுமாம். அஞ்சலைக்கு டீச்சர் என்றால் உயிராம்.

தட்டை வாங்கிக்கொள்ளாமலே கேட்டேன். "இதுக்கு ஆத்தாகிட்டப் பூக் கேட்டீங்களா?"

அவருக்கு என் கேள்வி விளங்கவே இல்லை. நடிப்பில்லை, நிஜமாகவே விளங்கவில்லை. தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு சொன்னார்:

"கல்யாணத்துக்கு எதுக்குங்க டீச்சர் உத்தரவு? நல்ல காரியமாச்சே!"