மூன்று தரம் கேட்டால் ஓம்

பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில், மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, பக்கத்தில் நின்ற பெண் தன் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்றேன். அவளும் சரியென்று அடுத்த ஆளிடம் போய்விட்டாள். எனக்கோ பசி வயிற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லச் சொல்லத்தான் கேத்தில் அடுப்பில் ஏறும். கேட்டவுடன் ஓம் என்பவளைப் பறக்காவெட்டி, சாப்பாட்டுக்கு அலைகிறவள் என்பார்கள். வந்தவள் வேண்டாம் என்றதை நம்பித் தேத்தண்ணி ஊற்றாமல் விட்டவளைப் பற்றி அதைவிட மோசமாகச் சொல்வார்கள். இங்கே என்றால் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். நேர்மையான சனம், என்ன செய்வது.

கோடை தொடங்கும்போது எங்கள் வேலைத்தலத்தில் பல்பண்பாட்டு நாள் கொண்டாடுவார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் கொடிகள் தொங்கும். வித்தியாசங்களே எங்கள் பலம் என்று சுவரில் பதாகை கட்டுவார்கள். வருடம் முழுக்க ஒரே நீலத் தொப்பியோடு நின்றவர்கள் அன்றைக்கு மட்டும் வித்தியாசமாக வர வேண்டும். என்னுடைய வித்தியாசம் வழக்கமாக வடை. இந்த முறை எங்கள் மேற்பார்வையாளர் சில்வி என்னிடம் வந்தாள். குடும்பங்களையும் கூப்பிடுகிறோம், மேடையில் ஐந்து நிமிடம் பிரெஞ்சில் பேசுவாயா என்று கேட்டாள்.

எனக்கு நெஞ்சு துள்ளியது. என் மகள் பிரவீணா சின்ன வயதிலிருந்தே எனக்காகப் பேசுகிறவள். கிளினிக்கில் பேசினாள், வங்கியில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் அவளைப் பற்றி ஆசிரியர் சொன்ன முறைப்பாட்டைக்கூட அவள்தான் எனக்கு மொழிபெயர்த்தாள். அதில் எவ்வளவு உண்மை என்பது அவளுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். நானும் மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தேன். ஆனால் நான் வாய் திறந்தால் அவளுக்குப் பொறுக்காது, முந்திக்கொண்டு தானே முடித்துவிடுவாள். ஒரேயொரு நாள் அவள் கீழே இருந்து கேட்க, நான் மேலே நின்று பேச வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன்!

"ஐயோ, நானா? வேண்டாம், வேண்டாம்" என்றேன்.

"பா த ப்ரொப்ளெம்" என்றாள் சில்வி. ஒரு பிரச்சினையும் இல்லையாம். போய்விட்டாள். அதன்பிறகு அவள் போகிற வழியிலெல்லாம் போய் நின்று பார்த்தேன். எத்தனை வடை கொண்டுவருவாய் என்று மட்டும் கேட்டாள்.

வாய்ப்பு கார்த்திக்குக்குப் போனது. சென்னையிலிருந்து அண்மையில் வந்து கணினிப் பிரிவில் சேர்ந்த பெடியன். சில்வி கேட்டு முடிக்குமுன் "ஷ்யூர்" என்றானாம். கொண்டாட்டத்தன்று வேட்டியை இடுப்பில் பிடித்தபடி என் வடை மேசைக்குத்தான் ஓடிவந்தான்.

"அக்கா, சேஃப்டி பின் இருக்கா? இது நிக்கவே மாட்டேங்குது."

குத்திவிட்டேன். குத்தும்போது மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது. "சில்வி முதல் என்னைத்தான் கேட்டவா, தம்பி."

"நீங்க ஏன் ஒத்துக்கல?"

"ஒருக்காத்தானே கேட்டவா."

அவன் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் இப்படித்தான் என்றான். "எனக்கு பான்ஜூருக்கு மேல பிரெஞ்சு வராதுக்கா. நீங்களே பேசுங்க."

"சீச்சீ, நீர் போம்."

"சும்மா சொல்லாதீங்க. பேசுங்க."

"எனக்கென்ன தெரியும், தம்பி?"

"நீங்க வரலன்னா நானும் ஏற மாட்டேன். வாங்க."

மூன்று தரம் ஆகிவிட்டது. இனியும் மறுத்தால் அது மரியாதை இல்லை.

மேடையில் ஏறினேன். மனதுக்குள் எத்தனையோ நாள் பேசிப் பார்த்த பேச்சில் ஒரு சொல்கூட வரவில்லை. அதனால் கேக் கதையைச் சொன்னேன். எங்கள் ஆட்களிடம் முதல் இரண்டு மறுப்பையும் கணக்கில் எடுக்காதீர்கள், மூன்றாம் தரமும் கேளுங்கள் என்றேன். மண்டபம் சிரித்தது. வினைச்சொற்களை எங்கெங்கே முறித்தேனோ தெரியாது. முன்வரிசையில் பிரவீணாவின் உதடுகள் வழக்கம்போல் எனக்கு முந்தி அசைந்தன. பிறகு அசைவு நின்றது. கையைக் கட்டிக்கொண்டு, நான் பேசுவதைக் கேட்டாள். இறங்கி வந்ததும் சில்வி என்னைக் கட்டிப்பிடித்து, இவ்வளவு காலமும் உன்னைத் தெரியாமல் இருந்துவிட்டேனே என்றாள்.

அடுத்த கிழமை, சனிக்கிழமை மேலதிக வேலைக்கு வருவாயா என்று கேட்டாள். அன்றைக்கு நானும் பிரவீணாவும் லவாலுக்குக் கடைகளுக்குப் போக இருந்தோம். முடியாது என்றேன், மெய்யாகவே. சில்வி கண் சிமிட்டிவிட்டு மறுபடி கேட்டாள். "நோன், சில்வி, நோன்" என்றேன். பிறத்தியார் பண்பாட்டை மதிக்கப் பழகிவிட்ட பெருமிதத்தோடு மூன்றாம் தரமும் கேட்டாள். மூன்று தரம் கேட்ட ஆளுக்கு இல்லையென்று சொல்ல எனக்கு இந்த வயதுவரை தெரியாது.

வீட்டில் சொன்னபோது பிரவீணா பாய்ந்தாள். "நோன் எண்டா நோன் எண்டு நிக்கிறதுதானேம்மா? போனைத் தாங்கோ, நான் சில்வியோட கதைக்கிறன்."

"வேண்டாம், பிள்ளை" என்றேன்.

"ஓகே" என்று எழும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் திரும்பி வந்து கேட்பாள் என்று நான் போனைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன்.