பாட்டில்லாமப் பழகின சல்சா

எனக்குத் தெரிஞ்ச ஆட்டம் பைலா ஒண்டுதான். கலியாண வீட்டில கையைத் தூக்கினா அது தானா வரும், ஒருத்தரும் பழக்கத் தேவையில்லை. அப்பிடிப்பட்ட என்னட்டத்தான் தங்கச்சி வந்து, தன்ரை கலியாணத்துக்குச் சல்சா ஆட்டம் ஒண்டு அமைச்சுத் தா எண்டு கேட்டவள். மறைக்கல்விப் பிள்ளையளுக்கு அபிநயப் பாட்டுப் பழக்கிறதைத் தவிர எனக்கு வேற என்ன தகுதி?

ஏன் கேட்டவள் எண்டு எனக்குத் தெரியும். மோட்டர்சைக்கிளால விழுந்ததில இருந்து அவளுக்கு இடது முழங்கால் சரியா மடங்காது. இப்ப எங்கடை பக்கக் கலியாணங்களில பொம்பிளையும் மாப்பிள்ளையும் மண்டபத்தில ஆடுறது வழமை. நிச்சயதார்த்தத்தண்டு அந்தக் கதை வர, மாப்பிள்ளையின்ரை தாய், தாழ்வுபாடு ஊர் மாமி, எல்லாருக்கும் கேக்க, "பிள்ளை கதிரையில இருக்கட்டும், ஆடுறவை ஆடட்டும்" எண்டு சொல்லிப்போட்டா. பாசமாத்தான் சொன்னா. எண்டாலும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தங்கச்சி வீட்டை வந்துதான் வாய் திறந்தாள்: "அக்கா, அந்தச் சனத்துக்கு முன்னால நான் ஒருக்கா ஆடோணும். பிறகு வேணுமெண்டாக் காலம் முழுக்கக் கதிரையில இருக்கிறன்."

வந்தது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்பு. கோயிலில சுரூபங்களைத் துணியால மூடேக்க எங்கடை வீட்டு டீவியையும் துணி போட்டு மூடுற ஆள் அம்மா. பாட்டுச் சத்தமே கேக்கப்படாது. "பாட்டில்லாட்டி அது ஆட்டமில்லையம்மா, தேகப்பயிற்சி" எண்டு வாதாடி ஒரு மாதிரி அனுமதி எடுத்தன். போனில வீடியோவையும் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் பாத்தனான்.

பள்ளிமுனை ஊரில எங்கடை வீட்டு முத்தம் சின்னன். வலையை ஒரு பக்கம் ஒதுக்கிப்போட்டுப் பழகினம். மாப்பிள்ளை கடலால வந்து, குளிச்சு, பின்னேரம் வருவார். முதல்ல வீடியோவில கண்டதை எல்லாம் நான் அள்ளிப் போட்டன்: சுத்தல், குனியல், பின்னுக்குச் சாயல். தங்கச்சி மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். சரியெண்டு அவளை நடுவில நிப்பாட்டி, மாப்பிள்ளையைச் சுத்தி ஆடவிட்டன். "என்னை என்ன, கொடிக்கம்பம் எண்டு நினைச்சியோ?" எண்டு சீறினாள். கேள்வி ஞாயம்தான்.

பிறகுதான் ஒண்டு விளங்கிச்சுது. சல்சாவில மூண்டு அடி வைச்சா, நாலாவதில கால் நிக்கும். அந்த நிக்கிற நேரத்துக்குள்ள அவள் ஏலாத காலை ஆறுதலா இழுத்துக் கொண்டுவரலாம். மற்றதெல்லாத்தையும் வெட்டி எறிஞ்சன். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நில்" எண்டு சொல்லிச் சொல்லிப் பழகினம். ஒரு பின்னேரம் அவள் ஒருத்தரையும் பிடிக்காமல் ஒரு சுத்துச் சுத்தினாள். எனக்கு வந்த சந்தோசத்தில கண் கலங்கிப் போச்சு.

உயிர்ப்புத் திருநாள் முடிஞ்ச கையோட கலியாண அலுவல். பாட்டைப் போட்டு ஒருக்காப் பாப்பம் எண்டு இந்த மரமண்டைக்குத் தோன்றேல்லை.

மண்டபத்தில பாட்டுத் தொடங்கிச்சுது. ஐயோ மாதாவே! நாங்கள் பழகினதிலும் பாக்க ரெண்டு மடங்கு வேகம். நாலாவதில நிக்க நேரமேயில்லை. தங்கச்சி அடி எடுத்து வைச்சாள், முழங்கால் தடுமாறிச்சுது, நிண்டிட்டாள். முன்வரிசையில மாமி வாயைப் பொத்தினா. பிள்ளையைச் சபையில வைச்சு அவமானப்படுத்திப்போட்டனே!

தங்கச்சி என்னைப் பாக்கேல்லை. மாப்பிள்ளையின்ரை முகத்தைப் பாத்து, பலமா, "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நில்" எண்டாள். அவருக்குச் சிரிப்பு வந்திட்டுது. பாட்டை அதின்ரை பாட்டில விட்டிட்டு, ரெண்டு பேரும் எங்கடை முத்தத்து வேகத்தில ஆடத் தொடங்கிச்சினம். பாட்டு முடியேக்க ஆட்டம் பாதிதான். பாட்டுப் போடுறவர் அடுத்த பாட்டைப் போடப் போக, நான் ஓடிப்போய், "ஒண்டும் போடாதேங்கோ அண்ணை" எண்டன்.

மண்டபத்தில அவளின்ரை குரலும் அவரின்ரை சப்பாத்துச் சத்தமும்தான் கேட்டது. சுத்து வாற இடம் மாமியின்ரை கதிரைக்குக் கிட்டவாப் போயிட்டுது. இடிபடப் போறாள் எண்டு நான் பதற, மாமி எழும்பினா. தன்ரை கதிரையை இழுத்துப் பின்னுக்குப் போட்டிட்டு, பக்கத்தில இருந்தவையைப் பாத்துச் சத்தம் போட்டா:

"எழும்புங்கோ, தள்ளுங்கோ, பிள்ளை சுத்தப் போறா."